பெயர்ப்பலகையும் சரக்கும்: ஒரு விண்வெளி வில்லனைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

அறிவியல் புனைகதைத் தொடர் பார்க்கிறவர்கள் "இந்த வில்லன் ஆசியச் சாயலில் இருக்கிறானே" என்று சொல்லிவிட்டு அடுத்த எபிசோடுக்குப் போய்விடுகிறார்கள். அந்தச் சாயல் எங்கே ஒட்டியிருக்கிறது, எங்கே இல்லை என்று பார்ப்பது சுவாரசியமான வேலை. ஒரு நோட்டு, ஒரு பேனா, ரிமோட் போதும். முதல் முறை என்றால் ஒரு மாலை ஆகும்.

படி 1: ஒரே ஒரு எபிசோடை எடுங்கள்

தொடர் முழுவதையும் எடுத்தால் குழம்பிப்போவீர்கள். பழகுவதற்கு நான் தருவது 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் முதல் சீசனில் 1967 பிப்ரவரி 16 அன்று ஒளிபரப்பான 'ஸ்பேஸ் சீட்'. கதைப்படி, 1990களில் உலகின் கால் பங்குக்கு மேல் ஆண்ட சர்வாதிகாரி கான் நூனியன் சிங். சாதாரண மனிதர்களைவிட உயர்ந்த ரகமாகத் திட்டமிட்டு உருவாக்கப்பட்டவன். தோற்றபின் ஆட்களோடு விண்கலத்தில் தப்பி, உறைதூக்கத்தில் கிடந்து, நெடுங்காலம் கழித்து விழிக்கிறான். கதை இவ்வளவுதான்.

படி 2: பெயரை உடையுங்கள்

'கான்' என்பது துருக்கிய, மங்கோலியத் தலைவர்களின் பட்டம். 'சிங்' என்றால் சிங்கம். 1699இல் குரு கோவிந்த் சிங் கால்சா என்ற சீக்கிய அமைப்பை நிறுவியபோது சீக்கிய ஆண்களுக்கான பெயரானது. ராஜபுத்திரர்களும் வைத்துக்கொள்வதுண்டு, நாம்தான் சிங் என்றாலே சர்தார்ஜி என்று முடிவுகட்டிவிடுகிறோம். 'நூனியன்', தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரிக்குப் போர்க்காலத்தில் பழக்கமான ஒருவரின் பெயர். ஆக, மூன்று ஊர்த் துணியை வைத்துத் தைத்த சட்டை.

இதையும் நோட்டில் குறியுங்கள்: கதையின் முதல் வரைவில் இவன் ஹரால்ட் எரிக்சன் என்ற வட ஐரோப்பியக் குற்றவாளி.

படி 3: சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள்

நான் இதைச் செய்தபோது பக்கத்தில் அக்கா மகன் உட்கார்ந்திருந்தான். "மாமா, சீக்கியர்னு சொன்னீங்க, தாடியையே காணோமே?" என்றான். சரியான கேள்வி. தாடியும் இல்லை, தலைப்பாகையும் இல்லை. நடித்தவர் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மொன்டல்பான். தலைப்பாகை வருவது ஓரிடத்தில் மட்டும்: கானைக் கண்டெடுக்கும் விண்கப்பலின் வரலாற்றாய்வாளர் மெக்கைவர்ஸ் வரையும் கானின் ஓவியத்தில். இவன் வட இந்தியப் பகுதிக்காரன், அநேகமாகச் சீக்கியன், அவர்கள் அபாரமான போர்வீரர்கள் என்று சொல்வதும் அவர்தான். அந்த 'வீர இனம்' பேச்சு 1857க்குப் பிறகு பிரிட்டிஷ் ராணுவம் ஆள் எடுக்கும்போது வளர்த்துவிட்டது. அது 23ஆம் நூற்றாண்டுக் கப்பல்வரை போய்ச் சேர்ந்திருக்கிறது!

இந்தப் படிக்கு வீட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் வேலை உண்டு. தி.நகர் ஜி.என். செட்டி சாலையில் குருத்வாரா இருக்கிறது. தலையைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு உள்ளே போங்கள். லங்கர் என்ற பொதுச் சாப்பாடு நடக்கும் நேரமென்றால் பந்தியில் உட்காருங்கள். பணக்காரன், ஏழை, எந்தச் சாதி என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே வரிசை, ஒரே சாப்பாடு. பிறப்பிலேயே நான் உயர்ந்தவன் என்று மார்தட்டும் கானுக்கு இந்தப் பந்தியில் என்ன வேலை? எழுதியவர்கள் பெயரை எடுத்துக்கொண்டார்கள், அதன் பின்னால் இருந்த கொள்கையைத் தொடவில்லை.

படி 4: இப்போது காதால் பாருங்கள்

கடைசியில் கானை ஆளில்லாத கிரகத்துக்கு அனுப்புகிறார்கள். அப்போது அவன் வாயில் வருவது சீக்கியப் புனித வரிகளான குர்பானி அல்ல, ஆங்கிலக் கவிஞர் மில்டன். சொர்க்கத்தில் சேவகம் செய்வதைவிட நரகத்தை ஆள்வது மேல் என்ற சாத்தானின் வசனத்தைத்தான் நினைவூட்டுகிறான். 1982இல் இதே கான் திரும்பி வந்த ஸ்டார் ட்ரெக் திரைப்படத்தில், 'மோபி டிக்' நாவலில் ஒரு திமிங்கலத்தைப் பழிவாங்கத் துரத்தும் கேப்டன் ஏகாப் மாதிரி பேசுகிறான். பெயர்ப்பலகை பஞ்சாப், உள்ளே சரக்கெல்லாம் மேற்கத்திய நூலக அலமாரி.

படி 5: விரல் சோதனை

நோட்டில் 'சிங்' என்ற சொல்லை விரலால் மூடி, அந்த இடத்தில் 'எரிக்சன்' என்று வைத்துப் படியுங்கள். கதையில் என்ன உடைகிறது? எனக்கு உடைந்தவை ஓவியமும் ஓரிரு வசனமும்தான்.

புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த இடத்தில் "அப்போ இது அவமதிப்பு" என்று தீர்ப்பெழுதிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். 1934இல் ஃப்ளாஷ் கார்டன் சித்திரக்கதையில் வந்த மிங், நீண்ட மீசையும் பட்டு அங்கியுமாக வெறும் கொடூரன். கான் அப்படியில்லை. மொன்டல்பான் அவனை ராஜகளையோடு நடிக்கிறார், எதிரிகளே ரகசியமாக வியக்கிறார்கள். நம்ம சினிமாவில் "நம்பள்கி, நிம்பள்கி" என்று வந்துபோன சேட்டுகளை நினைத்தால், கானுக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சம் அதிகம்தான்.

பயிற்சி

அதே சீசனில், 1967 மார்ச் 23 அன்று 'எரண்ட் ஆஃப் மெர்சி' வந்தது. கிளிங்கான் என்ற வேற்றுக்கிரக இனத்தின் முதல் வில்லன் கோர் அதில்தான் வருகிறான். நடிகர் ஜான் கொலிகோஸ் ஒப்பனைக்கு யோசனையாகச் சொன்னது செங்கிஸ்கானின் தோற்றத்தை. பெயரில் ஆசியா துளியும் இல்லை. அதனால் இந்த முறை விரலைப் பெயர்மேல் வைத்துப் பிரயோசனமில்லை, திரையில் அவன் மீசைமேல் வைத்துப் பாருங்கள்.