ஈவு என்று வாசிக்கிறோம், மொய் என்று எடுத்துக்கொள்கிறோம்

போன மாதம் ஞானஸ்நான ஆயத்த வகுப்பில் ஒரு தம்பி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டால் போனை நீட்டினார். வேதவாசிப்பு ஆப்பில் 114 நாள் விடாமல் வாசித்த கணக்கு, ஒரு நைட் ஷிப்ட்டில் தவறிப்போனதால் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. "அண்ணே, ஆண்டவர் கோபமா இருப்பாரோ?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் இருந்தேன். என்னிடம் இருந்தது ஆப் இல்லை, நாற்பது பக்க நோட்டு.

பொய் சொல்லாதே, ஆராதனைக்குப் பிந்தி வராதே என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு ஓய்வுநாள் பள்ளி இருக்கிறது. புதிதாக விசுவாசத்துக்குள் வருகிறவர்களும், அவர்களை நடத்துகிறோம் என்று கிளம்புகிற என்னைப் போன்றவர்களும் செய்கிற தவறுகள் வேறு.

தேதி கேட்பது

"எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டீர்கள்?" இது பேங்க் பாரம் இல்லை.

மூன்றாவது வாரமே மேடை ஏற்றுவது

சாட்சி சொல்வது நல்லதுதான். ஆனால் ஒரு தடவை "அல்லேலூயா" சத்தம் கேட்டுவிட்டால் அடுத்த தடவை கதையில் கொஞ்சம் மசாலா ஏறும். ஒரு கன்வென்ஷனில் நாளுக்கு இரண்டு சிகரெட்டை இரண்டு பாக்கெட் ஆக்கியவன் நான்.

மொய் நோட்டு

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இரட்சிப்பைப் பற்றிச் சொல்கிற எபேசியர் 2:8 வசனம் நம் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். "இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." சரி, ஈவு என்றால் என்ன? கிப்ட் என்பார்கள். நம் ஊரில் கிப்ட் எப்படி நடக்கிறது? கல்யாண மண்டபத்து வாசலில் மேசை போட்டு ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார். ஊர், பெயர், தொகை. விசேஷம் முடிந்ததும் அந்த நோட்டு பீரோவில் பத்திரத்தோடு போய்ச் சேரும். அவர்கள் வீட்டுக் கல்யாணம் வரும்போது அம்மா அதை எடுத்துப் பார்ப்பார். "501 வச்சிருக்காங்க, நாம 1001 வைக்கணும்." வாங்கிய அன்றைக்கே கடன் ஆரம்பித்துவிடுகிறது. திருப்பி வைக்காவிட்டால் பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

இந்தப் பழக்கத்தோடுதான் நாம் சிலுவையண்டையும் வந்து நிற்கிறோம். பெரிய மொய் வைத்துவிட்டார், இனி ஆயுசு முழுக்கத் திருப்பி வைக்க வேண்டும் என்று.

என் நோட்டில் மூன்று பத்தி இருந்தது: அதிகாரம், ஜெப நிமிடம், காணிக்கை. வாரநாளில் 3 அதிகாரம், ஞாயிறு 5 என்று போனால் வேதாகமத்தின் 1189 அதிகாரமும் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். தவறிய நாளைச் சிவப்பு மையில் 'நிலுவை' என்று எழுதுவேன். லேவியராகமத்தில் 19 அதிகாரம் நிலுவை விழுந்து, ஒரே ராத்திரியில் வாசித்துத் தள்ளினேன். குஷ்டரோகத்தைப் பற்றி என்னவோ வந்தது, அவ்வளவுதான் ஞாபகம். வாசிப்பில் தப்பில்லை. நான் வாசிக்கவில்லை, வட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு ஓர் அக்கா புதிதாக வர ஆரம்பித்திருந்தார். மகனுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். ஜெபிக்கச் சொல்லிக் கேட்டார். ஜெபித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். "ஆண்டவருக்குன்னு நேர்ந்துக்கிட்ட பொருத்தனை ஏதும் நிலுவை இருக்கான்னு யோசிச்சுப் பாருங்கக்கா" என்றேன். மறுவாரம் கம்மலை அடகு வைத்துக் காணிக்கைப் பையில் போட்டார். நாங்களும் ஸ்தோத்திரம் சொல்லி வாங்கிக்கொண்டோம். பையனுக்கு வந்திருந்தது டைபாய்டு. மாத்திரையில் சரியானது. அப்புறம் அவர் வரவில்லை. தேடிப் போனபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "முன்னாடி இருந்த இடத்திலயும் நேர்ந்துக்கிட்டுச் செலுத்தினேன், இங்கேயும் அதான்னா என்ன தம்பி வித்தியாசம்?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கம்மலை மீட்டுக் கொடுக்கவும் அன்றைக்குப் புத்தி வரவில்லை.

இன்றைக்கும் மைக்கில் இதே பேச்சு காதில் விழும்போது எரிச்சலாக வருகிறது. "தசமபாகத்தை (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) நிறுத்தினீங்க, ஆசீர்வாதம் நின்னுபோச்சு." பவுல் இந்தக் கணக்கை ரோமர் 4:4-லேயே முடித்துவிட்டார்: வேலை செய்தவனுக்கு வருகிற கூலி கிருபை அல்ல, கடன். ரோமர் 6:23-ஐயும் நிதானமாக வாசித்துப் பாருங்கள். அங்கே சம்பளம் கொடுப்பது பாவம். தேவன் கொடுப்பது வரம். சமாரியாவில் மாயவித்தைக்காரன் சீமோன், பரிசுத்த ஆவியைக் கொடுக்கும் அதிகாரத்தை விலைக்குக் கேட்டுப் பணத்தை நீட்டியபோது, உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப் போகட்டும் என்றார் பேதுரு. நம் பேதுருக்கள் ரசீது போட்டுக் கொடுக்கிறார்கள்.

பழைய சண்டைதான் இது. 1517-ல் பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை எதிர்த்து 95 கருத்துகளை எழுதிய மார்ட்டின் லூத்தர், மடத்தில் இருந்த காலத்தில் ஒரு பாவத்தையும் விட்டுவிடக் கூடாதென்று மணிக்கணக்கில் அறிக்கையிட்டு நொந்துபோனவர். அவருக்கும் ஒரு நிலுவை நோட்டு இருந்தது என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன். அந்த லூத்தரன் வழியில் வந்த மிஷனரி சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கினார்; 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. முந்நூறு வருடத்துக்கு மேலாக அந்த எபேசியர் வசனம் நம் கையில் அச்சில் இருக்கிறது. நோட்டைத்தான் இன்னும் மூடவில்லை.

அந்தத் தம்பியிடம், நாள் கணக்கைக் காட்டுவதை ஆப்பில் நிறுத்திவிடச் சொன்னேன். "நாளைக்கு நாலு வசனம் வாசிங்க தம்பி. பிடிச்ச இடத்தில நின்னுடுங்க. எங்கேயும் எழுதி வைக்காதீங்க." அவருக்கு அது பெரிய கஷ்டமாக இருக்கிறது. முந்தாநாள் கேட்டேன், மனசுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறாராம்.

வாக்குத்தத்த அட்டை

புது வருட ராத்திரியில் அந்த வருடத்துக்கான வாக்கு என்று அட்டையில் எடுக்கிற வசனம் லாட்டரிச் சீட்டு அல்ல. பிடிக்கவில்லை என்று இரண்டாவது அட்டை எடுக்காதீர்கள்.

இலவசம்தானே என்று பரணில் போடுவது

மேலே சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு இந்தப் பக்கம் சாய்கிறவர்களும் உண்டு. அரசாங்கம் கொடுத்த மிக்சி பரணில் கிடப்பதுபோல, கிடைத்த இரட்சிப்பும் ஒரு மூலையில் கிடக்கும். கிருபை பெருகும்படி பாவத்திலே நிலைநிற்கலாமா என்று பவுலே கேட்டு, "கூடாதே" என்று முடித்துவிட்டார். எபேசியர் 2:8-ஐ ஒப்பிக்கிற பிள்ளைகளிடம் 2:10 கேட்டால் முழிக்கும். நற்கிரியைகளைச் செய்வதற்காகவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்று இரண்டே வசனம் தள்ளி இருக்கிறது.

வகுப்புக்கு வந்த ஒரு கடைக்காரருக்குக் கிருபை என்ற சொல் ரொம்பப் பிடித்துப்போனது. கடையில் வேலை பார்த்த பையனுக்கு நாலு மாதச் சம்பள பாக்கி. அதைப் பற்றி மெதுவாகக் கேட்டேன்.

"எல்லாத்தையும் சிலுவையிலே தீர்த்துட்டார்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க?"

சகேயு கதையை எடுத்தேன். ஊரார் பாவி என்று ஒதுக்கிய வரி வசூல்காரன் அவன். யாருக்கும் ஒரு காசு திருப்பிக் கொடுப்பதற்கு முன்னாலேயே, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு சொல்லிவிட்டார். ஊர் முறுமுறுத்தது. அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திரும்பக் கொடுப்பேன் என்று சகேயு எழுந்து நின்றது அதற்குப் பிறகுதான்.

"அப்போ ஆண்டவருக்கு அந்தப் பணம் வேணுமா?"

"அவருக்கு வேண்டாம். அந்தப் பையனுக்கு வேணும்."

அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறு வகுப்புக்கும் வரவில்லை. இவரையும் விரட்டிவிட்டேனோ என்றுதான் நினைத்தேன். பிறகு அந்தப் பையனே சொன்னான், மூன்று தவணையாகத் தந்துவிட்டாராம்.