வாய்க்கால் ஓரம் நடப்பது எப்படி: வலே மலைகளில் முதல் நடைக்கு ஒரு வழிகாட்டி

சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில் மேலே பனியாறு உருகி ஓடும், கீழே புல்லும் திராட்சையும் வெயிலில் காயும். இருபுறச் சிகரங்களும் மழை மேகத்தைத் தடுத்துவிடுவதால் வந்த வறட்சி அது. மலை இடுக்குகளுக்குள் ஓடும் நீரை வயலுக்குக் கொண்டுவர, ஊர்க்காரர்கள் பல நூறு ஆண்டுகளாகப் பாறையைக் குடைந்தும், செங்குத்துச் சுவரில் மரத்தொட்டிகளைத் தொங்கவிட்டும் வாய்க்கால் அமைத்தார்கள். பிரெஞ்சு பேசும் பக்கம் இதற்கு ‘பீஸ்’ என்று பெயர், ஜெர்மன் பேசும் பக்கம் ‘சுவோனன்’. 100 பிராங்க் நோட்டில் பாறையோடு ஒட்டி ஒரு மரவாய்க்கால் இருக்கிறதே, அது 1442இல் கட்டிய அயான் பீஸ்.

வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் ஆள் நடப்பதற்காக அதன் கரையில் விட்ட ஒற்றையடித் தடம்தான் இன்று நடைபாதை. நீர் மெல்லிய சரிவில்தான் ஓடும் என்பதால் பாதையும் ஏறக்குறையச் சமதளம். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். ‘ஏற்றமே இல்லை, பாட்டியையும் கூட்டிப் போகலாம்’ என்று கிளம்பிவிடுவார்கள். ஏற்றம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் சில இடங்களில் பாதையின் அகலம் இரண்டு அடிகூட இருக்காது, பக்கத்தில் நூறு மீட்டர் பள்ளம் இருக்கும். ஆகவே வாய்க்கால் பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது அதன் அகலம்.

படி 1: மூன்று நடைகள், இந்த வரிசையில்

முதல் நடைக்குத் திரியான் பீஸ். மார்த்தினியிலிருந்து பேருந்தில் ஃபொர்க்லா கணவாய்க்கு (1526 மீட்டர்) போய், வாய்க்காலோடு காட்டுக்குள் நடந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பனியாற்றின் அடியில் உள்ள சிற்றுண்டிக் குடில் (1583 மீட்டர்) வரும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பனியாற்றை வெட்டி, பனிக்கட்டிகளைத் தண்டவாளத்தில் கொண்டுவந்த தடம் இது. அதனால்தான் இவ்வளவு அகலம். குழந்தைகளோடு போகலாம். பேருந்துகள் குறைவு, திரும்பும் நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே திரியான் ஆறு கீழே வெர்னேயா ஊரருகே குறுகிய மலை இடுக்கின் வழியாக ரோன் சமவெளிக்கு இறங்குகிறது. பாறைச் சுவரில் பொருத்திய நடைமேடையில், கட்டணம் செலுத்தி, உள்ளே போகலாம். தலைக்கு மேலே தெரியும் கேரோ பாலம் 1934இல் கட்டியது, ஆற்றிலிருந்து 187 மீட்டர் உயரம். பாறை விழும் அபாயம் இருந்தால் மூடிவிடுவார்கள் என்பதால் போகும் முன் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். முதலில் வாய்க்கால், பிறகு இடுக்கு என்று ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாம்.

இரண்டாவது நடைக்குச் சியோன் நகருக்கு மேலே சவியேஸ் ஊரின் தொரான் நெஃப் வாய்க்கால். 1430இல் தொடங்கிய வேலை. மலைக்குள் சுரங்கம் வெட்டி நீரைத் திருப்பியதும் 1930களில் கைவிடப்பட்டது. இப்போது தொங்குபாலங்களும் கைப்பிடிகளும் போட்டுச் சீரமைத்திருக்கிறார்கள். உயரம் உங்களுக்கு ஒத்துவருமா என்று சோதித்துப் பார்க்க இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைப்பது அரிது.

இந்த இரண்டும் சுகமாக முடிந்தால் மட்டும் மூன்றாவது: ஆவுஸர்பேர்க் நிலையத்தில் இறங்கி, நிவெர்ஹ் வாய்க்கால் வழியாகப் பால்ட்ஷீடர் பள்ளத்தாக்கின் உள்ளே போய், எதிர்ச்சரிவில் கோர்பெரி வாய்க்கால் வழியாக எக்கர்பேர்க் நிலையத்துக்கு வருவது. நடை மட்டும் நான்கு மணி நேரம். நிவெர்ஹின் சில இடங்களில் பலகை மேல் நடக்க வேண்டும், பிடிக்கப் பாறையில் கட்டிய கம்பிதான் உண்டு. தலை சுற்றுபவர்களுக்கு மலைக்குள் சுரங்கப் பாதை இருக்கிறது, அதற்கு டார்ச் கட்டாயம். கைபேசி வெளிச்சத்தை நம்பாதீர்கள்.

படி 2: பலகையைப் படியுங்கள்

வெறும் மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை. வெள்ளை–சிவப்பு–வெள்ளை என்றால் மலைப்பாதை: கால் உறுதியும் நல்ல காலணியும் வேண்டும், குறுகலும் செங்குத்தும் வரும். வெள்ளை–நீலம்–வெள்ளை உங்களுக்கானது அல்ல, அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

பலகையில் போட்டிருப்பது தூரம் அல்ல, நேரம். சமதளத்தில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் வேகம் என்ற கணக்கு, இளைப்பாறல் சேராது. குறுகலான வாய்க்கால் ஓரத்தில் அந்த வேகம் வராது, எதிரே வருபவருக்காக நிற்பதிலேயே நேரம் போகும். பலகை நேரத்தை ஒன்றரையால் பெருக்குங்கள். குழந்தைகள் இருந்தால் இரண்டால்.

படி 3: முந்தைய நாள் மாலை

பாதை திறந்திருக்கிறதா என்று ஊரின் சுற்றுலாத் தளத்தில் பாருங்கள். குளிர்காலத்தில் விழுந்த பாறையும் மரமும் அகற்றிய பிறகே திறப்பார்கள், ஆகவே ஏப்ரலில் போய் ஏமாறாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை சிறந்த காலம். கோடையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும். அதனால் காலை எட்டு மணிக்கு நடையைத் தொடங்கி, இரண்டு மணிக்குள் இடுக்கைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். ‘சுவிஸ்டோப்போ’ என்ற வரைபடச் செயலி இலவசம். உங்கள் பகுதியின் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிவையுங்கள், இடுக்குக்குள் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு.

படி 4: பை

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். ‘வாய்க்காலே பக்கத்தில் ஓடுகிறதே’ என்று நினைக்காதீர்கள். மேலே மாடுகள் மேய்கின்றன, பனியாற்று நீரில் அரைந்த பாறைத்தூளும் கலந்திருக்கும். தெற்கு பார்த்த சரிவில் வெயில் கொளுத்தும், இடுக்குக்குள் நுழைந்தால் குளிரும். தொப்பியும் வேண்டும், மெல்லிய மேலாடையும் வேண்டும். காலணியின் அடிப்பாகம் ஆழமான பள்ளங்களோடு இருக்கட்டும், தேய்ந்த ஓட்டக் காலணி ஈரப் பலகையில் சோப்புக்கட்டிபோல வழுக்கும். சாப்பாட்டுக்குப் புளிச்சோறு போதும், வெயிலில் கெடாது.

பை எடை அல்ல, அகலம்தான் பிரச்சினை. பக்கவாட்டில் பாட்டிலோ சுருட்டிய பாயோ தொங்கினால், குடைந்த பாறையில் அது இடித்து உங்களைப் பள்ளத்துப் பக்கம் தள்ளும். எல்லாவற்றையும் உள்ளே வையுங்கள். ஊன்றுகோலையும் குறுகல் தொடங்கும் முன் மடித்துப் பைக்குள் செருகுங்கள். பலகை இடுக்கில் கோல் முனை மாட்டி, மணிக்கட்டு வாரும் கையில் இருந்தால் ஆளையே இழுத்துவிடும்.

படி 5: வாய்க்கால் ஓரத்தில்

தடம் விட்ட இடத்தில் மட்டும் கால் வையுங்கள். வாய்க்காலின் விளிம்புக் கல்லில் பாசி படிந்திருக்கும், மண்கரையோ மிதித்தால் சரிந்து நீர் வெளியேறும். மதகுப் பலகைகளைத் தொடாதீர்கள். யாருக்கு எத்தனை மணிக்கு நீர் என்ற முறை இன்றும் நடக்கிறது, ஒரு பலகையை நகர்த்தினால் யாரோ ஒருவரின் வயல் காயும். சில இடங்களில் ‘டக், டக்’ என்று சத்தம் கேட்கும். நீர்ச்சக்கரம் ஒரு மரச் சுத்தியலை அடிக்கும் ஓசை அது. சத்தம் நின்றால், மேலே எங்கோ அடைப்பு அல்லது உடைப்பு என்று காவலாளுக்குத் தெரிந்துவிடும்.

எதிரே ஆள் வந்தால், அகலமான இடத்துக்கு அருகில் இருப்பவர் பின்வாங்கி நிற்க வேண்டும். நிற்பவர் மலைப்பக்கம் முதுகைச் சாய்த்து நிற்கட்டும். இருவரும் ஒரே நேரத்தில் நகரக் கூடாது. குழந்தை உங்களுக்கு முன்னால், கை எட்டும் தூரத்தில் போகட்டும். நடந்துகொண்டே படம் எடுப்பது அறவே வேண்டாம், நின்று எடுத்துவிட்டுப் பிறகு நடங்கள்.

முதல் கம்பிப்பிடி வரும் இடத்தில் இரண்டு நிமிடம் நில்லுங்கள். கால் நடுங்கினால் அங்கேயே திரும்புங்கள். வந்த வழி சமதளம், திரும்புவது எளிது. பாதி வழி போன பிறகு பயம் பிடித்தால் இரண்டு பக்கமும் அதே குறுகல்தான். ஒருவர் உறைந்து நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். மலைப்பக்கம் கை வைத்து, மூன்றடி முன்னால் உள்ள தரையை மட்டும் பார்க்கச் சொல்லி, அவருக்கு முன்னால் மெதுவாக நடங்கள்.

படி 6: இடுக்கின் அடியில்

ஆற்றுப்படுகையில் உட்கார்ந்து சாப்பிடும் ஆசை எல்லோருக்கும் வரும். மேலே அணை இருந்தால், வானம் தெளிவாக இருக்கும்போதே நீர் திடீரென உயரும். எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் படுகைக்கு இறங்காதீர்கள். அணை இல்லாத இடத்திலும், வெயிலில் பனி உருகுவதால் பனியாற்று நீர் பிற்பகலில் ஏறும். காலையில் கல் தாண்டிக் கடந்த ஓடையை மாலையில் கடக்க முடியாமல் போகலாம். புதிதாக விழுந்த, மண்படாத வெளிறிய கற்கள் தரையில் கிடந்தால் அங்கே நிற்காமல் கடந்துவிடுங்கள், மேலிருந்து இன்னும் வரும்.

படி 7: விபத்து என்றால்

வலேயில் அழைக்க வேண்டிய எண் 144. சுவிட்சர்லாந்தின் மற்ற பகுதிகளில் ஹெலிகாப்டருக்கு 1414 என்பார்கள், வலேயின் மீட்பு ஏற்பாடு தனி. சுவிஸ்டோப்போ காட்டும் ஆயத்தொலை எண்களை அப்படியே வாசியுங்கள், பிறகு எத்தனை பேர், என்ன காயம், அங்கே காற்று எப்படி என்று சொல்லுங்கள். சிக்னல் இல்லையென்றால் காயம்பட்டவருடன் ஒருவர் இருக்க, மற்றவர் வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். அதனால் மூன்றாவது நடைக்கு மட்டுமாவது மூன்று பேராகப் போங்கள்.