பி-டென் மரபணு: புற்றுநோயையும் மூளையையும் சேர்த்துப் படிக்கும்போது தடுமாறும் இடங்கள்

பி-டென் (PTEN) மரபணுவைப் பற்றித் தேடிப் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒருவர் கையில் புற்றுக்கட்டியின் பயாப்சி ரிப்போர்ட் இருக்கும். இன்னொருவர் கையில், தலை பெரிதாகவும் பேச்சு தாமதமாகவும் உள்ள குழந்தையின் மரபணுப் பரிசோதனை முடிவு இருக்கும். இரண்டிலும் ஒரே பெயர். பழுது எந்த செல்லில், எப்போது ஏற்பட்டது, அப்பா வழி ஒன்றும் அம்மா வழி ஒன்றுமாக வரும் இரண்டு பிரதிகளில் எத்தனை போயிற்று என்று கேட்காமல் படித்தால், ஒருவருக்கான கவலையை இன்னொருவர் தூக்கிச் சுமக்க வேண்டியதுதான்.

இதைப் 'புற்றுநோய் மரபணு' என்று சொல்வதையே முதலில் விட்டுவிடலாம். 1997-இல் கண்டறியப்பட்ட இந்த மரபணு 10-ஆம் குரோமோசோமில் எல்லோருக்கும் இருக்கிறது. கட்டி வராமல் தடுப்பதுதான் அதன் வேலை. செல் சவ்வில் பிஐபி3 என்ற கொழுப்பு மூலக்கூறு சேர்ந்தால் ஏகேடி, எம்டார் என்ற புரதங்கள் வழியாக 'வளர்' என்ற உத்தரவு உள்ளே போகும். பி-டென் புரதம் அந்தக் கொழுப்பிலிருந்து ஒரே ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி, பிஐபி2 ஆக்கிவிடும். உத்தரவு அடங்கிவிடும்.

இதை வண்டியின் பிரேக் என்று விளக்குவார்கள். மோசமான உவமை இல்லை, ஆனால் பாதி வழியில் கைவிட்டுவிடும். பிரேக் போனால் செல் தாறுமாறாகப் பிரியும், கட்டி வரும், சரி. முதிர்ந்த நரம்பு செல் பிரிவதே இல்லையே, அங்கே என்ன கெடும்? அங்கே செல்லே பருக்கிறது, கிளைகள் பெருகுகின்றன, இணைப்புகள் அளவுக்கு மீறி உண்டாகின்றன. முதிர்ந்த நரம்பு செல்கள் சிலவற்றில் மட்டும் பி-டென்னை நீக்கிய எலிகளைப் பற்றி 2006-இல் ஓர் ஆய்வு வந்தது. அந்த எலிகளின் மூளை பெரிதானது, மற்ற எலிகளோடு பழகுவது குறைந்தது, வலிப்பும் வந்தது. ஆகவே பி-டென் பழுதால் குழந்தைக்கு ஆட்டிசம் என்றதும் மூளையில் கட்டி இருக்கிறது என்று பயப்படக் கூடாது. சிறுமூளையில் வரும் லெர்மிட்-டியூக்லோ என்ற தீங்கற்ற வளர்ச்சி ஒரு விதிவிலக்கு. அதுவும் பெரும்பாலும் பெரியவர்களிடம்தான் தெரியவரும்.

'ஒரு பிரதி கெட்டால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும்' என்பது அடுத்த தவறு. 1971-இல் ஆல்ஃபிரட் நட்சன், விழித்திரைப் புற்றை வைத்து 'இரண்டு அடி' விதியைச் சொன்னார்: இரண்டு பிரதிகளும் போனால்தான் கட்டி. பி-டென் அந்த விதிக்கு முழுதாகக் கட்டுப்படுவதில்லை. அதன் அளவு குறைந்தாலே சில திசுக்கள் தடுமாறும். மூளை வளர்ச்சி பாதிக்கப்பட ஒரு பிரதியின் பழுதே போதும்.

மிக அதிகமாக நடக்கும் குழப்பம் பயாப்சி ரிப்போர்ட்டில்தான். 'பி-டென் இழப்பு' என்று பார்த்ததும், பிள்ளைகளுக்கும் வந்துவிடுமோ என்று வீடே பதறும். கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டியிலும், கருப்பை உட்சுவர், புராஸ்டேட் புற்றுகளிலும் இந்த இழப்பு அடிக்கடி காணப்படுவதுதான். பெரும்பாலும் அது வாழ்நாளின் இடையில், அந்தக் கட்டியின் செல்களில் மட்டும் ஏற்பட்டது. பிள்ளைகளுக்குப் போகாது. பி-டென் புரதம் இருக்கும் இடத்தைப் பழுப்பாகக் காட்டும் சாயம் போட்ட கண்ணாடித் தகட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் புற்று செல்கள் வெளிறிக் கிடக்கும். பக்கத்திலேயே இரத்தக் குழாயின் செல்கள் பழுப்புச் சாயம் ஏறி நிற்கும், அங்கே புரதம் இருக்கிறது என்று பொருள். அப்படியானால் பிறவிப் பிறழ்வு, அதாவது பிறக்கும்போதே உடல் முழுதும் உள்ள மரபணுப் பழுது, இல்லை என்று முடிவு கட்டலாமா? அதுவும் கூடாது. ஒரு பிரதி நன்றாக இருந்தாலே சாயம் ஏறும். பிறவியிலேயே உள்ளதா என்பதை இரத்தத்திலோ உமிழ்நீரிலோ செய்யும் மரபணுப் பரிசோதனைதான் சொல்லும்.

அந்த முடிவில் 'பொருள் தெளிவற்ற மாற்றம்' என்று வந்தால் அது நோய் என்று அர்த்தமில்லை. அதை மட்டும் நம்பி அறுவை சிகிச்சை வரை போகக் கூடாது.

ஆட்டிசம் உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு பி-டென்னில் எந்தப் பழுதும் கிடையாது. ஆட்டிசத்தோடு தலைச்சுற்றளவும் வளர்ச்சி அட்டவணையின் மேல் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தால்தான் இந்தச் சந்தேகம் வலுக்கும். தலையை டேப் வைத்து அளக்க ஒரு நிமிடம் போதும், அதைத்தான் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். பிறவிப் பிறழ்வு உறுதியானால் பெற்றோரையும் சோதிக்க வேண்டும். அது அப்பாவிடமிருந்தும் வரலாம், அம்மாவிடமிருந்தும் வரலாம், இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகவும் தோன்றலாம். பிறழ்வு உள்ளவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது போக 50 சதவீத வாய்ப்பு உண்டு. பிறவிப் பிறழ்வு உள்ளவர்களுக்குப் புற்று அபாயமும் கூடுதல் என்பதால், மூளை சார்ந்த சிக்கலை மட்டும் பார்த்துவிட்டுத் தைராய்டு ஸ்கேனை மறப்பது பெரிய தவறு, அதைச் சிறு வயதிலேயே தொடங்கச் சொல்கிறார்கள். பெண்களுக்கு மார்பகம், கருப்பை கண்காணிப்பும் பின்னால் சேரும். மார்பகப் புற்று அபாயம் 85 சதவீதம் வரை என்று சில இடங்களில் படிப்பீர்கள். ஏற்கெனவே நோய் வந்து மருத்துவமனைக்குப் போன குடும்பங்களை வைத்துப் போட்ட கணக்கு அது. அதனால் எண் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கலாம்.

அப்புறம் மருந்து. எம்டாரை அடக்கும் ராபமைசின் எலிகளின் மூளையில் நல்ல பலன் தந்தது. அதே பாதையில் வேலை செய்யும் டிஎஸ்சி மரபணுக்கள் கெட்டவர்களுக்கு, அதே குடும்பத்து மருந்தான எவரோலிமஸ் மூளைக் கட்டிக்கும் வலிப்புக்கும் கொடுக்கப்படுகிறது. எனவே பி-டென் குழந்தைகளுக்கும் கொடுத்தால் என்ன என்ற கேள்வி நியாயமானதுதான். கொடுத்தும் பார்த்தார்கள். 2022-இல் வெளியான ஒரு சிறிய சோதனையில், அறிவுத்திறனைப் பொறுத்தவரை போலி மருந்து எடுத்தவர்களுக்கும் எவரோலிமஸ் எடுத்தவர்களுக்கும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. இந்த மருந்து நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும், வாய்ப்புண் வரவைக்கும், இரத்தக் கொழுப்பை ஏற்றும். எலி ஆய்வைப் படித்துவிட்டு நாமாகக் கேட்டு வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்கிற சமாச்சாரம் இல்லை.