அருவியைப் படம் எடுப்பது எப்படி: அமிர்தியிலும் ஜலகாம்பாறையிலும் கற்றுக்கொண்டவை

வேலூர்ப் பக்கம் அருவி எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நாட்கள் குறைவு. கோடையில் போனால் வெறும் பாறைதான். நல்ல மழை பெய்து, வெள்ளம் வடிந்து, தண்ணீர் தெளிய இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த நாட்களைத் தவறவிட்டால் அடுத்த மழைக்குத்தான். எனக்கு இரண்டு மழைக்காலம் அப்படிப் போனது. போகாமல் இல்லை, போய் எடுத்தும் படம் சரியாக வரவில்லை. நீங்களும் அப்படி ஒரு மழைக்காலத்தை இழக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். மேனுவல் மோடில் ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் மாற்றத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. நேரமும் இடமும்

காலையில் போங்கள். வெயில் பாறைமேல் விழுந்துவிட்டால், பாதி வெள்ளை, பாதி கறுப்பு என்று படம் கெட்டுவிடும். மேகம் மூடிய நாளாக இருந்தால் மத்தியானம்கூடப் பரவாயில்லை.

தொடங்க அமிர்தி நல்ல இடம். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலை அடிவாரம். மரநிழல் இருப்பதால் வெளிச்சம் மென்மையாக இருக்கும். திருப்பத்தூர்ப் பக்கம் ஏலகிரி மலையிலிருந்து இறங்கும் ஜலகாம்பாறை இன்னொன்று. ஜமுனாமரத்தூர் போகிறவர்களுக்கு பீமன் அருவி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போகாதீர்கள், குளிக்கிற கூட்டத்தில் டிரைபாட் வைக்க இடம் கிடைக்காது.

2. டிரைபாட்

இலேசானது வேண்டாம். வாங்கினால் கொஞ்சம் கனமாகவே வாங்குங்கள். ஓடும் தண்ணீருக்குள் கால் வைத்தால் படம் அதிரும், முடிந்தவரை பாறைமேல் வையுங்கள். பாசி படிந்த பாறை வேண்டாம். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். 2 வினாடி டைமர் வைத்துவிட்டால் பட்டனை அழுத்தும் அதிர்வும் இருக்காது. லென்ஸில் அதிர்வுக் குறைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள்.

3. போலரைசர்: நான் மாட்டிக்கொண்ட இடம்

ஒரே ஒரு ஃபில்டர் வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால் என்டி (வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் இருண்ட கண்ணாடி) வேண்டாம், சர்க்குலர் போலரைசர் வாங்குங்கள். கடையில் சிபிஎல் என்று கேட்டால் தருவார்கள். அருவி ஓரத்தில் பாறை, இலை எல்லாம் நனைந்திருக்கும். நனைந்த எதுவும் வானத்தைப் பிரதிபலித்து வெளுத்த பளபளப்பைக் காட்டும். அந்தப் பளபளப்பை எந்த எடிட்டிங்கிலும் முழுதாக எடுக்க முடியாது. சிபிஎல் முன்வளையத்தை மெல்லத் திருப்பினால் அது விலகும். பாறையின் கருமையும் இலையின் பச்சையும் மேலே வரும்.

இதெல்லாம் தெரிந்துதான் நான் வாங்கினேன். ஆனாலும் படம் பாதிக்குப் பாதி கெட்டது. கிடைமட்டமாக எடுத்தவை நன்றாக வந்தன, நிமிர்த்தி எடுத்தவை எல்லாம் வெளுத்துப் போயிருந்தன. லென்ஸில் கோளாறு என்று நினைத்து ஒரு மாதம் அலைந்தேன்.

காரணம் இதுதான். அருவி உயரமானது, அதனால் நடுவில் கேமராவை நிமிர்த்துவோம். அப்போது ஃபில்டரும் சேர்ந்து 90 பாகை சுழன்றுவிடும். பளபளப்பை முழுதாகத் தடுத்துக்கொண்டிருந்த வளையம், இப்போது முழுதாக உள்ளே விடும். கேமராவை நிமிர்த்தினால் வளையத்தை மறுபடியும் திருப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும், மறக்காமல். சில பழைய கிட் லென்ஸ்களில் ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதியே சுற்றும். அப்படிப்பட்ட லென்ஸில் முதலில் ஃபோகஸ், அதற்கப்புறம்தான் வளையம்.

அருவிக்குக் கீழே உள்ள மடுவின் அடிக்கற்கள் தெரிய வேண்டுமா? தண்ணீர்ப் பரப்போடு சுமார் 37 பாகை சாய்வில் பார்க்கும்போதுதான் சிபிஎல் முழு வேலை செய்யும். தரையோடு தரையாகக் கேமராவை இறக்கினாலும் பலன் குறையும், நேர்மேலிருந்து பார்த்தாலும் குறையும். பார்வையை அந்தச் சாய்வுக்குக் கொண்டுவாருங்கள்.

4. வேகம்

ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் எஃப் 11. மரநிழலில் இது ஏறக்குறைய 1/15 வினாடி காட்டும். சிபிஎல் இரண்டு ஸ்டாப் அளவுக்கு, அதாவது நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும்படி, வெளிச்சத்தைக் குடிப்பதால் 1/4 வினாடிக்கு வந்துவிடும். அருவிக்கு அதுவே போதும்! என்டி இல்லாமலே வேலை முடிந்தது.

தண்ணீர் நூலாக இறங்கினால் அரை வினாடி முதல் ஒரு வினாடி வரை போகலாம். மழைக்கு மறுநாள் போல நிறைய கொட்டினால் 1/8 போதும், அதற்கு மேல் போனால் நீரின் இழைகள் எல்லாம் கலந்து ஒரே வெள்ளைத் துணியாகிவிடும். 10 வினாடி, 20 வினாடி வைத்துப் புகை போல எடுப்பது எனக்குப் பிடிப்பதில்லை. அதில் தண்ணீரே தெரிவதில்லை.

கரும்பாறை அதிகமுள்ள காட்சியில் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், அருவியின் வெள்ளை எரிந்துபோகும். ஹிஸ்டோகிராம் (கேமரா திரையில் வரும் வெளிச்ச வரைபடம்) வலது ஓரத்தில் முட்டினால் கொஞ்சம் குறைத்து எடுங்கள். ரா ஃபைலாக எடுத்தால் இருட்டை அப்புறம் தூக்கிக்கொள்ளலாம்.

வெயிலில் எடுத்தே ஆக வேண்டும் என்றால்தான் என்டி 64. 1/60 வினாடி ஒரு வினாடியாகும். இருண்ட ஃபில்டர் மாட்டிய பின் ஃபோகஸ் தடுமாறும், முன்பே ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள்.

ஆறு வேறு கதை

பாலாறு பெரும்பாலும் மணல்தான். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டுப் போனபோது கரையில் நின்று பார்த்தேன், உடம்பு சிலிர்த்தது. அந்தச் செந்நிற வெள்ளத்தை மெதுவான ஷட்டரில் எடுத்தால் சேற்றுப் பாய் போலத் தட்டையாக வரும். 1/500 வைத்து, நுரையும் சுழலும் உறைந்து நிற்கும்படி எடுங்கள். கரையோரம் இறங்காமல் உயரமான பத்திரமான இடத்திலிருந்து.

அருவியிலும் ஒரு எச்சரிக்கை. உங்கள் தலைக்குமேல் வானம் தெளிவாக இருக்கும், மலைமேல் மழை பெய்துகொண்டிருக்கும். தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் வர ஆரம்பித்தால் பையைத் தூக்கிக்கொண்டு மேடேறுங்கள். வனத்துறை மூடியிருந்தால் திரும்பிவிடுங்கள்.

பின்சேர்க்கை

மொபைலில் முடியுமா என்று பலர் கேட்டிருந்தார்கள். முடியும். ப்ரோ மோடில் ஐஎஸ்ஓவைக் கடைசிவரை குறைத்து 1/4 வையுங்கள். மொபைலில் அபெர்ச்சரைச் சுருக்க முடியாததால் நல்ல வெளிச்சத்தில் படம் வெளுத்துவிடும், விடிந்த கையோடு எடுக்க வேண்டும். ஐபோனில் லைவ் போட்டோவாக எடுத்து, பிறகு லாங் எக்ஸ்போஷராக மாற்றலாம். போலரைஸ்டு கூலிங்கிளாஸ் இருந்தால் அதன் கண்ணாடியை மொபைல் லென்ஸ் முன்னால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள், பாறையின் பளபளப்பு போகும்.

சாரல் பட்டு லென்ஸில் புள்ளி விழுகிறது என்று ஒருவர் எழுதினார். டைமர் ஓடும்வரை லென்ஸ் முன்னால் துணியைப் பிடித்திருந்து, கடைசி நொடியில் துணியை விலக்குங்கள். பழைய பனியன் துணி வேண்டாம், மைக்ரோஃபைபர் துணி மூன்று வைத்துக்கொள்ளுங்கள். அமிர்தியில் ஒன்று நனைந்து முடிய பத்து நிமிடம் ஆகாது.