கேரவனுக்கான புரொப்பேன் சிலிண்டர்கள்

இழுவை கேரவன்களில் 20 அல்லது 30 பவுண்டு சிலிண்டர்கள் இரண்டைப் பொருத்தினால், ஒன்று தீர்ந்ததும் மற்றதற்கு மாறிக்கொள்ளலாம் என்பதால், ஒரே பெரிய சிலிண்டரைவிட இந்த இரட்டை ஏற்பாடே மேல் என்பது என் கருத்து. வெப்பத்தில் திரவம் விரிவடைய இடம் வேண்டுமாகையால், கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. மீதமுள்ள அளவை அறிய, சிலிண்டரின் பக்கவாட்டில் வெந்நீரை ஊற்றிவிட்டு, மேலிருந்து கீழாக உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். சில்லென்று தொடங்கும் இடம்தான் திரவத்தின் மட்டம். மலிவான அளவுமானிகளைவிட இதை நான் அதிகம் நம்புகிறேன். இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவும்போது குமிழி எழுந்தால் வால்வை உடனே மூடிவிட வேண்டும். காற்றைவிடக் கனமான புரொப்பேன் கசிந்தால் தரையோரம் தேங்கும் என்பதால், கசிவு உணரியும் தாழ்வாகவே பொருத்தப்படுகிறது. பெட்டியோ செருப்போ வைத்து அதை மறைத்துவிடாதீர்கள்.