கென்யாவில் ஆதரவற்ற மாணவரின் மேல்நிலைப் படிப்பை ஏற்பவர்களுக்கு: செலவு, சரிபார்ப்பு, பணம் கட்டும் முறை

கென்யாவில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2003 முதல் கட்டணம் இல்லை. பகல்நேர மேல்நிலைப் பள்ளிகளில் கற்பித்தல் கட்டணத்தை 2008 முதல் அரசே ஏற்கிறது. ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 22,244 ஷில்லிங் என்பது அரசு வைத்திருக்கும் கணக்கு. அப்படியிருந்தும் தாய் தந்தையை இழந்த பிள்ளைகளின் படிப்பு மேல்நிலையில்தான் நின்றுபோகிறது. விடுதி, சீருடை, மதியச் சாப்பாடு, பயணம் எதுவும் அந்த 22,244-க்குள் வராது. நீங்கள் ஏற்கப்போவது இந்த இடைவெளியைத்தான்.

முதலில் காலக் கணக்கு. புதிய பாடத்திட்டத்தில் மேல்நிலை என்பது 10, 11, 12 ஆகிய மூன்று வகுப்புகள். அதன் முதல் அணி 2026 ஜனவரியில் பத்தாம் வகுப்பில் நுழைந்தது. பழைய முறையில் படிப்பவர்கள் 2027-இல் கேசிஎஸ்இ எனும் பள்ளி இறுதித் தேர்வைக் கடைசி அணியாக எழுதி வெளியேறுவார்கள். ஆகவே பத்தாம் வகுப்புப் பிள்ளையை ஏற்றால் மூன்று முழு ஆண்டுகள் உங்கள் பொறுப்பு. ஒரு வருடம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்ற எண்ணத்தோடு தொடங்கவே வேண்டாம். உங்கள் பணத்தை நம்பி விடுதிப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்குப் பாதியில் பணம் நின்றால் பாக்கி ஏறும், வகுப்பிலிருந்து வீட்டுக்கு அனுப்புவார்கள், கடைசியில் சான்றிதழும் பள்ளி அலுவலகத்திலேயே தங்கிவிடும். பாக்கிக்காகச் சான்றிதழை நிறுத்தி வைக்கச் சட்டம் இடம் தரவில்லை, ஆனாலும் நடக்கிறது. நண்பர்களாகச் சேர்ந்து ஏற்பதானால், ஓராண்டுச் செலவு முழுவதும் கையிருப்பில் சேர்ந்த பிறகே பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். யாராவது ஒருவர் நடுவில் விலகத்தான் செய்வார்.

விடுதியா, பகல்நேரப் பள்ளியா என்பதைப் பிள்ளையின் வீட்டு நிலைமைதான் தீர்மானிக்க வேண்டும். விடுதிக் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது: தேசியப் பள்ளிகள் போன்ற முதல்நிலை விடுதிப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு 53,554 ஷில்லிங், மற்ற விடுதிப் பள்ளிகளுக்கு 40,535. டாலருக்குச் சுமார் 130 ஷில்லிங் என்று வைத்தால் முறையே 410, 310 டாலர். பள்ளி நடந்துபோகும் தூரத்தில் இருந்து, மாலையில் விளக்கும் படிக்க நேரமும் கிடைக்கும் என்றால் பகல்நேரப் பள்ளியே போதும். ஒருவரின் விடுதிப் பணத்தில் பல இடங்களில் இரண்டு பேரைப் படிக்க வைக்கலாம். வயதான பாட்டியையும் தம்பி தங்கையையும் பார்த்துக்கொண்டு, தண்ணீர் சுமந்து, இருட்டிய பிறகு புத்தகத்தைத் திறக்கும் பெண்ணுக்கு விடுதி தேவை. அப்படியானால் அந்தத் தம்பி தங்கையை யார் பார்ப்பார்கள் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அதற்குப் பதில் இல்லையென்றால் அவள் விரைவிலேயே திரும்பி வந்துவிடுவாள்.

கட்டணத்துக்கு மேல் வரும் செலவில்தான் புதிதாக ஏற்பவர்கள் தடுமாறுகிறார்கள். விடுதியில் சேரும் நாளன்று பூட்டுடன் இரும்பு டிரங்குப் பெட்டி, மெத்தை, போர்வை, இரண்டு ஜோடி படுக்கை விரிப்பு, வாளி, பேசின், தட்டு, கரண்டி, கறுப்புத் தோல் ஷூ, விளையாட்டு ஷூ, சோப்பு, கழிவறைக் காகிதம், சயின்டிஃபிக் கால்குலேட்டர், ஜியாமெட்ரி பெட்டி எல்லாம் கொண்டுபோக வேண்டும். சீருடையைத் தங்களிடமே வாங்கச் சொல்லும் பள்ளிகள் உண்டு; விலை வெளிக்கடையைவிட அதிகமாக இருக்கும். பெண் பிள்ளைகளுக்கு ஆண்டின் மூன்று பருவத்துக்குமான நாப்கினைச் செலவுப் பட்டியலில் தனியாக எழுதுங்கள். அரசுப் பள்ளிகளில் இலவசமாகத் தர 2017-லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் விநியோகம் சீராக இல்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் போக வர பேருந்துக் கட்டணமும் சிறிது கைச்செலவும் சேருங்கள். இந்தப் பட்டியல் இல்லாமல் கட்டணம் மட்டும் கட்டினால், பிள்ளை மெத்தை இல்லாமல் வாசலில் நிற்கும்.

பிள்ளையை நேரடியாகத் தேடிப் பிடிக்காதீர்கள். ஓர் உள்ளூர் அமைப்பு வழியாகவே போங்கள். அதன் பதிவுச் சான்றிதழ், கடைசி ஆண்டுத் தணிக்கைக் கணக்கு, அமைப்பின் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கு மூன்றையும் கேளுங்கள். தொண்டு நிறுவனங்களுக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய சான்றிதழைக் காட்டினால் இப்போதைய நிலை என்ன என்று விசாரியுங்கள். எம்பெசா எனும் கைபேசிப் பணச் சேவையில் தனிநபரின் எண்ணுக்குப் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அமைப்பு ஓர் அனாதை இல்லத்தை நடத்துகிறதா என்பதையும் பாருங்கள். புதிய குழந்தைகள் இல்லங்களைப் பதிவு செய்வதை கென்யா 2017-இல் நிறுத்திவிட்டது. பிள்ளைகளைக் குடும்பங்களிடம் திருப்பி அனுப்புவதே 2022 முதல் அரசின் கொள்கை. உறவினரோடு வாழும் பிள்ளையின் படிப்பை ஏற்பதே நல்லது. இல்லத்துக்குப் பணம் போனால், அந்தப் பணத்துக்காகவே பிள்ளைகளைச் சேர்க்கும் இடங்களும் உண்டு.

ஆவணங்களில் முக்கியமானவை பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் இறப்புச் சான்றிதழ், சீஃப் தரும் கடிதம், பள்ளியின் சேர்க்கைக் கடிதம். சீஃப் என்பவர் நம்மூர் வி.ஏ.ஓ. போல அரசு நியமித்த உள்ளூர் அதிகாரி. வீட்டிலேயே இறந்தவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் எடுக்காமல் விட்டிருப்பார்கள். அதற்காகப் பிள்ளையைத் தள்ளிவிட வேண்டாம். சீஃப் கடிதத்தை வைத்துத் தொடங்கிவிட்டு, சான்றிதழ் எடுக்கும் வேலையை அமைப்பிடம் ஒப்படையுங்கள்.

பணம் பள்ளியின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். தலைமையாசிரியர் கையெழுத்திட்ட கட்டண அட்டவணையில் கணக்கு எண் இருக்கும். பிள்ளையின் சேர்க்கை எண்ணைக் குறிப்பாகக் கொடுக்க வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் பணம் பள்ளிக்குப் போய்ச் சேரும், பிள்ளையின் பெயரில் வரவாகாது. ஆண்டுக் கட்டணம் பொதுவாக மூன்று பருவங்களுக்கு 50:30:20 என்று பிரியும். 53,554 என்றால் முதல் பருவத்தில் 26,777, இரண்டில் 16,066, மூன்றில் 10,711. அங்கே கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. நம் ஜூன் கணக்கிலேயே இருப்பவர்கள் பெரிய தவணை ஆண்டின் தொடக்கத்தில் வருகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வங்கிகள் மெதுவாக நகரும். டிசம்பர் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து அனுப்புபவர்கள் வங்கியில் ஏ2 எனும் அந்நியச் செலாவணிப் படிவமும் பான் எண்ணும் கொடுத்து, தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான எல்ஆர்எஸ் திட்டத்தின் கீழ் அனுப்பலாம். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்துக்கான நன்கொடைக்கு, படிவத்தில் எழுத வேண்டிய நோக்கக் குறியீடு எஸ்1303. நிதியாண்டில் இத்திட்டத்தில் அனுப்பிய மொத்தத் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை டிசிஎஸ் எனும் முன்வரியை வங்கி பிடிக்காது. நன்கொடைகளுக்கான 80ஜி வருமான வரிச் சலுகை இதற்குக் கிடையாது. வங்கிக் கட்டணம் முழுவதையும் அனுப்புபவரே ஏற்பதாகக் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் இடையிலுள்ள வங்கிகள் கழித்துக்கொள்ளும் டாலர்கள் பள்ளிக் கணக்கில் பாக்கியாக உட்காரும்.

ஒவ்வொரு பருவ முடிவிலும் ரசீது, மதிப்பெண் அறிக்கை, பிள்ளையின் கட்டணக் கணக்கு மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ரசீது மட்டும் போதாது. தொகுதி நிதியிலிருந்தோ மாவட்டத்திலிருந்தோ பர்சரி எனும் உதவித்தொகை அதே பிள்ளைக்கு வரும். பெரும்பாலும் தாமதமாக, நேரே பள்ளிக்கே வரும். அப்போது நீங்கள் கட்டியது மிகுதியாக நிற்கும். கட்டணக் கணக்கைப் பார்த்தால்தான் அந்த மிகுதியை அடுத்த பருவத்தில் கழிக்கச் சொல்ல முடியும். கேட்காவிட்டால் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

பிள்ளையோடு பேசுவதும் எழுதுவதும் அமைப்பின் வழியாகவே இருக்கட்டும். உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுக்காதீர்கள், பிள்ளையின் படத்தையும் பள்ளிப் பெயரையும் முகநூலில் போடாதீர்கள். 2019-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி சிறாரின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். ஒரு பிள்ளைக்கு மட்டும் தனிப் பரிசு அனுப்பினால் விடுதியில் அது திருட்டுக்கும் மனக்கசப்புக்கும் காரணமாகும்.

பள்ளி முடிவதற்கு ஓராண்டு முன்பே அடுத்ததைத் தொடங்க வேண்டும். பழைய முறையில் பட்டப்படிப்புக்கு கேசிஎஸ்இ தேர்வில் குறைந்தது சி பிளஸ் தரம் தேவை; கீழே வருபவர்களுக்குத் தொழிற்கல்வி உண்டு. இரண்டுக்குமே ஹெல்ப் (HELB) எனும் அரசு உயர்கல்விக் கடன் வாரியத்தில் கடன் கேட்கலாம். தாய் தந்தை இல்லாதவர் என்று விண்ணப்பித்தால் இறப்புச் சான்றிதழைக் கேட்பார்கள். முதல் ஆண்டில் அமைப்பிடம் ஒப்படைத்த வேலை முடிந்துவிட்டதா என்று இப்போது விசாரியுங்கள்; 18 வயது நிறைந்ததும் தேசிய அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.