பழைய மரச்சாமான் வாங்கப் போறீங்களா, முதல்ல கவுத்துப் பாருங்க

பழங்கால ஃபர்னிச்சர் வாங்கப் போறவங்க நிறைய பேர் முன்பக்கத்தைப் பாத்தே மயங்கிடுறாங்க. நானும் அப்படித்தான் முதல் தடவை பளபளன்னு இருந்த ஒரு டிராயர் அலமாரியை ஆசையா தூக்கிட்டு வந்தேன், ஆறு மாசம் கழிச்சு ஏதோ உள்ள விழுந்துச்சுன்னு டிராயரை முழுசா உருவினா அப்பதான் தெரியுது பின்பலகை புது பிளைவுட்டு, அடிப்பக்கம் பூரா சாயம் அடிச்சு பழசு மாதிரி ஆக்கி வச்சிருக்காங்கன்னு. அன்னைக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு. அதுல இருந்து எதை வாங்கப் போனாலும் கண்ணுக்குத் தெரியக்கூடாதுன்னு விட்ட இடத்தைத்தான் முதல்ல பாக்குறேன், டார்ச் இல்லாம போறதே இல்ல.

டிராயர்ல இருந்து ஆரம்பிங்க. வெளிய உருவி மூலையைப் பாருங்க, பலகை ரெண்டும் புறா வால் மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்திருக்கும், அதைத்தான் டவ்டெயில்னு சொல்வாங்க. கையால அறுத்ததுன்னா ஒவ்வொரு பல்லும் கொஞ்சம் வித்தியாசமா இருக்கும், ஆசாரி அளவுக்குக் கீறின கோடு கூட சில சமயம் அப்படியே தெரியும். எல்லாப் பல்லும் அச்சுல வார்த்த மாதிரி ஒரே அளவா இருந்தா அது மெஷின் வேலை, அதெல்லாம் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு கடைசியில இருந்துதான் பரவலாச்சு. அப்புறம் டிராயரோட அடி விளிம்பு, அது ஓடுற சட்டம் ரெண்டையும் தடவிப் பாருங்க, நூறு வருஷம் இழுத்து மூடினதுன்னா தேஞ்சிருக்கணும், அதுவும் ரெண்டு பக்கத் தேய்மானமும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும். கைப்பிடிக்கு உள்பக்கம் கூடுதலா ஓட்டை இருந்தா கைப்பிடியை மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம், அது பெரிய குத்தம் இல்ல, ஆனா விலையில குறைக்கணும்.

அடுத்தது அடிப்பக்கம். பழைய மரத்தை பாலீஷ் போடாம விட்ட இடம் காத்து பட்டுப் பட்டு தானாவே ஒரு மங்கலான பழுப்புக்கு வந்திருக்கும், இடத்துக்கு இடம் நிறம் மாறும். ஒரே சீரா கருப்பா இருந்தா சந்தேகப்படுங்க. ரம்பத் தடத்தையும் பாருங்க, வளைவு வளைவா இருந்தா வட்ட ரம்பம், அது 19-ஆம் நூற்றாண்டுலதான் பரவலா வந்துச்சு, அதனால 1750-ன்னு சொல்லி விக்கிற சாமானோட அடியில அந்த வளைவு இருந்தா கேள்வி கேளுங்க. தலையில கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூ 1930-கள்ல வந்தது. ஒண்ணு ரெண்டு இருந்தா ரிப்பேர்னு விட்டுடலாம், எல்லா இடத்துலயும் அதுவேன்னா யோசிக்கணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை ஒண்ணு இருக்கு. வட்ட மேசைன்னா டேப் எடுத்து நார் ஓடுற வாக்குல ஒரு தடவை, அதுக்குக் குறுக்க ஒரு தடவை அளந்து பாருங்க. மரம் குறுக்குவாட்டுலதான் சுருங்கும், நீளவாக்குல சுருங்குறது ரொம்ப ரொம்பக் கம்மி, அதனால கெட்டிப் பலகையில செஞ்ச நிஜமான பழைய வட்ட மேசை லேசா முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். ரெண்டு அளவும் அப்படியே ஒண்ணா இருந்தா அவ்வளவு வயசு இருக்குமான்னு சந்தேகம் வரணும்.

மேல கீழன்னு ரெண்டு துண்டா வர்ற அலமாரின்னா ரெண்டோட பின்பக்கப் பலகையையும் ஒப்பிடுங்க, வேற வேற இடத்துல இருந்து வந்த ரெண்டைச் சேத்து ஒண்ணா விக்கிறது சகஜம்.

வண்டு அரிச்ச ஓட்டை பழைய மரத்துல இருக்கத்தான் செய்யும். ஓட்டை உள்ள வெளிறிப் போய், கீழ மாவு மாதிரி தூள் கொட்டிக் கிடந்தா உள்ள இன்னும் புழு உயிரோட இருக்கலாம், அது வருஷக்கணக்கா மரத்துக்குள்ளயே இருக்கும், வீட்டுல மத்த சாமானுக்கும் பரவிடும். சரி பண்ணாம உள்ள கொண்டு வராதீங்க. இன்னொண்ணு, புழு உள்ளதான் குடையும், வெளிய சின்ன வட்ட ஓட்டை மட்டும்தான் தெரியணும். மேல்பரப்புல வாய்க்கால் மாதிரி நீளத் தடம் தெரிஞ்சா, அரிச்ச பழைய பலகையை அறுத்து வேற எதுக்கோ பயன்படுத்தியிருக்காங்கன்னு அர்த்தம்.

நாற்காலின்னா உக்காந்து பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, கழுந்து, அதாவது காலும் சட்டமும் கோத்திருக்கிற மூட்டு, லூஸா இருந்தா சரி பண்ணிடலாம், கால் விரிசல் விட்டிருந்தா விட்டுடுங்க.

தயவுசெஞ்சு வாங்கின கையோட பழைய பாலீஷைச் சுரண்டிடாதீங்க. அந்த நிறம் வர எத்தனையோ பேர் கை பட்டிருக்கு, போனா திரும்ப வராது, மதிப்பும் குறைஞ்சிடும். மெல்லிய துணியால தூசி துடைச்சு கொஞ்சம் மெழுகு போட்டாலே பெரும்பாலும் போதும்.

வேற நாட்டுக்குக் கொண்டு போறதா இருந்தா மரம் என்னன்னு கேட்டுக்குங்க, பிரேசில் ரோஸ்வுட்டுக்கு 1992-ல இருந்து சர்வதேச வணிகத்துல கடுமையான கட்டுப்பாடு இருக்கு, தந்தம் பதிச்சதுக்கும் கட்டுப்பாடு உண்டு, அனுமதிக் காகிதம் இல்லாம போய் மாட்டிக்காதீங்க.

காசு கொடுக்கறதுக்கு முன்னாடி எந்தக் காலம், என்ன மரம், எது எது மாத்தினதுன்னு பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க. வயசை எழுதத் தயங்கினாங்கன்னா அந்த வயசுக்காக சொல்ற கூடுதல் விலையைக் கொடுக்காதீங்க, வெறும் நல்ல பழைய மேசைக்கு என்ன கொடுப்பீங்களோ அதைப் பேசுங்க.